ஒளிரும் தமிழ் டைட்டில்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் க்ளோ சொதப்பினால் எங்கே பார்ப்பது

அடோபியின் அசைவரைகலை மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் டைட்டிலுக்கு ஒளி சேர்ப்பது சில நிமிட வேலை. அந்த ஒளி நினைத்தபடி வராதபோதுதான் நேரம் கரைகிறது. ஒளி சேர்க்கும் க்ளோ எஃபெக்ட்டின் எண்களையே திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருப்போம். கோளாறு பெரும்பாலும் அங்கே இருக்காது. க்ளோவுக்குள் நுழையும் எழுத்து என்ன நிலையில் நுழைகிறது, வெளியே வரும் படம் எந்தக் கோப்பில் போய் அடைகிறது என்ற இரண்டு முனைகளையும் முதலில் பாருங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அமைப்பு வேண்டும். 1920×1080 காம்ப் (காம்போசிஷன், அதாவது வேலை செய்யும் சட்டம்), கறுப்புப் பின்னணி, 150 முதல் 200 பிக்சல் உயரத்தில் நடுத்தரத் தடிமன் உள்ள எழுத்து, நிறம் வெள்ளை. ப்ராஜெக்ட் பேனலின் அடியில் இருக்கும் பிட் எண்ணை ஆல்ட் விசையோடு சொடுக்கி 16க்கு மாற்றுங்கள். மேக்கில் ஆப்ஷன் விசை. எஃபெக்ட் மெனுவில் ஸ்டைலைஸ் பிரிவில் உள்ள க்ளோவை ஒரே லேயரில் மூன்று முறை போடுங்கள். முதலாவதற்கு ரேடியஸ் (ஒளி பரவும் தூரம்) 8, இன்டென்சிட்டி (ஒளியின் வலு) 1. இரண்டாவதற்கு 40, 0.5. மூன்றாவதற்கு 150, 0.25. மூன்றிலும் த்ரெஷோல்ட் (ஒளிரத் தொடங்கும் பிரகாச வரம்பு) 25 சதவீதம். விளக்கின் ஒளி அதன் விளிம்பருகே அழுத்தமாகவும் விலக விலக மெல்லியதாகவும் தேய்கிறது. மூன்று அடுக்கு அதற்காகத்தான். ஒரே க்ளோவின் ரேடியஸை 100க்கு ஏற்றினால் எழுத்தைச் சுற்றிப் பஞ்சு ஒட்டியதுபோல ஒரு மூட்டம்தான் கிடைக்கும்.

இந்த அமைப்பு உங்கள் கணினியில் சரியாகத் தெரிந்தால் மென்பொருளில் குறையில்லை. இனி அறிகுறியை வைத்துத் தேடலாம்.

க்ளோ போட்டேன், எதுவுமே மாறவில்லை

த்ரெஷோல்ட் வழக்கமாக 60 சதவீதத்தில் நிற்கும். அதைவிடப் பிரகாசம் குறைந்த பிக்சலை க்ளோ தொடாது. அடர்நீலம், மெரூன், கரும்பச்சை எழுத்துகள் இந்த வரம்பைத் தாண்டுவதில்லை. த்ரெஷோல்ட்டை 20க்கு இறக்குங்கள். அதைவிட நல்ல வழி எழுத்தின் நிறத்தையே வெளிறச் செய்துவிட்டு, வண்ணத்தை ஒளிவட்டத்துக்கு மட்டும் கொடுப்பது.

க்ளோவை அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் போட்டிருந்தால் அது டைட்டிலுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். தனக்குக் கீழே உள்ளதை மட்டுமே அது பாதிக்கும். லேயரில் எஃபெக்ட் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஒளி வருகிறது, நிறம் வரவில்லை

க்ளோ கலர்ஸ் என்ற இடத்தில் ஒரிஜினல் கலர்ஸ் இருந்தால் வெள்ளை எழுத்திலிருந்து வெள்ளை ஒளிதான் வரும். அதை ஏ அண்ட் பி கலர்ஸ் என்று மாற்றி, ஒன்றுக்கு இளநீலமும் மற்றதற்கு அடர்நீலமும் கொடுங்கள். ஒளிக்குள் எண்ணெய்ப் படலம்போல வளையங்கள் தெரிந்தால் கலர் லூப்ஸ் 1ஐத் தாண்டிவிட்டது என்று பொருள்.

எழுத்தையே தூய சிவப்பாக வைத்துக்கொண்டு அது ஒளிர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிவப்புச் சேனல் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது; அதன் மேல் இன்னும் சிவப்பைக் கூட்டினாலும் ஏற இடமில்லை. ஒளி கூடாமல் எழுத்து தட்டையாக, தடித்துத் தெரியும். கேமராவில் பதிவான நியான் விளக்கைக் கவனித்தால் குழாயின் நடுப்பகுதி ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும், சுற்றியுள்ள ஒளியில்தான் நிறம் இருக்கும். டைட்டிலிலும் அதே பங்கீடுதான் கண்ணுக்கு ஒளியாகப் படும்.

சுழி அடைகிறது, புள்ளி மறைகிறது

தமிழ் டைட்டிலில் அதிகம் கண்டுகொள்ளப்படாத பிழை இது. ஆங்கில எழுத்துக்காகச் செய்த பிரீசெட்டை அப்படியே தூக்கி வைத்தால், ண, ஞ, ழ, ஜ போன்றவற்றின் சுழிகளுக்குள் ஒளி நிறைந்து எழுத்து ஒரு கட்டியாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி தலைக்கு மேலே உள்ள ஒளியோடு கலந்துவிடும். ‘கண்’ என்று எழுதியது தூரத்திலிருந்து ‘கண’ என்று தெரியும். பெரிய மானிட்டரில் வேலை செய்பவருக்கு இது தெரியாது. கைப்பேசியில் பார்ப்பவருக்குத் தலைப்பே தவறாகப் போய்விடும்.

காரணம் எளிது. சுழியின் உட்பக்கத்தில் எல்லாத் திசையிலிருந்தும் ஒளி விழுகிறது. வெளிவிளிம்பில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழுகிறது. ஆகவே ஒரே இன்டென்சிட்டியில் உட்பக்கம் முதலில் நிரம்பும்.

சரிசெய்ய, மூன்று க்ளோவில் முதல் இரண்டையும் கவனியுங்கள். நெருங்கிய க்ளோவின் ரேடியஸ் சுழியின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நடு க்ளோவின் இன்டென்சிட்டியை 0.5லிருந்து 0.3க்கு இறக்குங்கள். பரந்த க்ளோவைத் தொட வேண்டாம். அது மென்மையானது, சுழியை அடைக்காது. அடுத்து ஒளியின் நிறத்தை இருட்டாக்குங்கள். வெள்ளை எழுத்து, அடர்ந்த ஆரஞ்சு ஒளி என்றால் சுழிக்குள் ஒளி புகுந்தாலும் கோடு தனியாகத் தெரியும். இளமஞ்சள் ஒளி என்றால் தெரியாது. கடைசியாக, டைட்டில் லேயரை நகலெடுத்து, அதில் எஃபெக்ட்களை நீக்கி, எல்லாவற்றுக்கும் மேலே சாதாரண பிளெண்டில் வையுங்கள். விளிம்பு மீண்டும் கூர்மையாகும்.

எழுத்துரு தேர்வும் இதில் சேரும். கேட்டமரான் எழுத்துருவில் மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது தடிமன்கள் உள்ளன. ஒளிரும் டைட்டிலுக்கு அதன் நடுத்தரத் தடிமன்களே பொருந்தும். மிகத் தடித்ததில் சுழி ஏற்கெனவே குறுகியிருக்கும். ஒளிக்கு இடம் கொடுக்கலாம் என்று டிராக்கிங் என்ற பொது எழுத்திடைவெளியைக் கூட்டுவது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் ‘கெ’யின் கொம்பும் ‘கா’வின் காலும் தம் எழுத்தை விட்டு விலகிப் போகும். இடைவெளி தேவையென்றால் முழு எழுத்துகளுக்கு இடையே மட்டும் கெர்னிங் கொடுங்கள்.

கொம்பு இடம் மாறுகிறது, அல்லது தனியாகப் பறந்து வருகிறது

இவை இரண்டு வெவ்வேறு நோய்கள்.

தட்டச்சு செய்த உடனேயே கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய், புள்ளிவட்டத்தோடு தெரிகிறதா? எழுத்துப் பொறி லத்தீன் முறையில் இருக்கிறது. பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய்த் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை எடுங்கள். மென்பொருளை மூடித் திறந்து, பழைய லேயரைத் திருத்தாமல் புதிய டெக்ஸ்ட் லேயரில் மீண்டும் அடியுங்கள். ஒட்டுவதைவிட அடிப்பது நல்லது. ஒட்டும்போது பழைய எழுத்துருவும் கூடவே வந்து குழப்பும்.

அசையாமல் இருக்கும்போது சரியாக இருந்து, அனிமேட் செய்யும்போது மட்டும் கொம்பு முன்னும் எழுத்து பின்னுமாக வந்தால், ரேஞ்ச் செலக்டர் எழுத்தை உடைக்கிறது. பேஸ்டு ஆன் என்பதில் கேரக்டர்ஸ் இருக்கும். அதை வேர்ட்ஸ் என்று மாற்றினால் சொல் முழுதாக வரும். ஒவ்வோர் எழுத்தாகத்தான் வர வேண்டுமென்றால் டெக்ஸ்ட் லேயரின் மேல் வலச்சொடுக்கி, கிரியேட் மெனுவில் கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட் கொடுங்கள். கொம்பு, எழுத்து, கால் ஆகியவை தனித்தனிக் குழுக்களாக வரும். ஓர் எழுத்துக்குரியவற்றைச் சேர்த்துத் தெரிவுசெய்து கன்ட்ரோல் ஜி அழுத்தி ஒரே குழுவாக்குங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஐந்தாறு எழுத்துள்ள தலைப்புக்குச் செய்துவிடலாம். பிறகு எந்த அனிமேஷனும் உடையாது.

பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில் அடிப்பவர்களுக்கு முதல் நோய் வராது. கொம்பு அங்கே தனி எழுத்தாகவே அடிக்கப்படுவதால் லத்தீன் பொறியிலும் சரியாக நிற்கும். இன்றும் பல எடிட்டிங் மேசைகளில் பழைய எழுத்துரு தங்கியிருக்க இது ஒரு நல்ல காரணம். இரண்டாவது நோய் மட்டும் அவர்களுக்குக் கட்டாயம் வரும். இன்னொரு சிக்கலும் உண்டு: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ப்ராஜெக்ட்டைத் திறந்தால் தலைப்பு ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். கலெக்ட் ஃபைல்ஸ் கொடுத்தாலும் அந்த எழுத்துரு உடன் போகாது, அறிக்கையில் பெயர் மட்டும்தான் போகும். இன்னொருவருக்கு அனுப்புவதற்கு முன் டைட்டிலை ஷேப் ஆக்கிவிடுங்கள்.

நியான் குழாய் கேட்டேன், இரட்டைக் கோடு வருகிறது

ஷேப் ஆக்கியபின் ஃபில் நீக்கி ஸ்ட்ரோக் கொடுத்து, டிரிம் பாத்ஸ் போட்டு வரையச் செய்தால் எழுத்தின் வெளிவரை மட்டுமே ஓடும். எழுத்துருவில் இருப்பது விளிம்புதான், நடுக்கோடு அதில் கிடையாது. ஒற்றைக் குழாயாக வேண்டுமென்றால் டைட்டிலை அடியில் மங்கலாகப் பூட்டி வைத்து, பென் டூலால் எழுத்தின் நடுவே நீங்களே வரையுங்கள். கையால் எழுதும் வரிசையிலேயே வரைந்தால் ஒளி ஓடும் திசை இயல்பாக இருக்கும். ஸ்ட்ரோக் 8 முதல் 12, லைன் கேப்பும் லைன் ஜாயினும் ரவுண்டு. டிரிம் பாத்ஸின் எண்ட் மதிப்பை 0லிருந்து 100க்குக் கீஃப்ரேம் செய்யுங்கள். எல்லா எழுத்தும் ஒரே நேரத்தில் வரைந்துகொண்டால், டிரிம் மல்ட்டிபிள் ஷேப்ஸ் என்பதை இன்டிவிஜுவலி என்று மாற்றுங்கள். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்.

ஒளி கத்தியால் வெட்டியதுபோல நேர்கோட்டில் நிற்கிறது

எங்கே வெட்டுகிறது என்பதே காரணத்தைச் சொல்லும்.

திரையின் ஓரத்தில் வெட்டுகிறது, அல்லது டைட்டில் வெளியிலிருந்து உள்ளே நுழையும்போது ஒளி திடீரென்று வந்து ஒட்டுகிறது என்றால்: டெக்ஸ்ட் லேயரில் எஃபெக்ட்கள் காம்ப் அளவுள்ள சட்டத்துக்குள்தான் கணக்கிடப்படும். சட்டத்துக்கு வெளியே இருக்கும் பாதி எழுத்து க்ளோவுக்குத் தெரியாது, அதனால் அதன் ஒளியும் முன்னதாக உள்ளே கசியாது. யுட்டிலிட்டி பிரிவில் உள்ள க்ரோ பவுண்ட்ஸ் எஃபெக்ட்டை க்ளோவுக்கு மேலே போட்டு 300 பிக்சல் கொடுங்கள். அது தனக்கு அடுத்து வரும் எஃபெக்ட்டுக்கு மட்டுமே இடத்தை விரிக்கும், எனவே வரிசை மாறக் கூடாது.

டைட்டிலைச் சுற்றி ஒரு பெட்டி வடிவில் வெட்டினால் பிரீகாம்ப் (லேயர்களைச் சேர்த்து வைத்த உள்காம்ப்) சிறியது. உள்ளே போய்க் கன்ட்ரோல் கே அழுத்தி அகலத்தையும் உயரத்தையும் கூட்டுங்கள். பரந்த க்ளோ 150 என்றால் ஒவ்வொரு பக்கமும் 400 பிக்சல் இடம் விடுவது பாதுகாப்பு.

எழுத்து திறந்துகொண்டு வரும் விளிம்பில் வெட்டினால் டிராக் மேட் (வேறொரு லேயரின் வடிவத்தால் இந்த லேயரை வெட்டிக் காட்டுவது) காரணம். மேட் எஃபெக்ட்டுக்குப் பிறகு வேலை செய்வதால் எழுத்தோடு ஒளியையும் அறுக்கிறது. டைட்டிலையும் மேட்டையும் சேர்த்து பிரீகாம்ப் செய்து, க்ளோவை உள்ளேயிருந்து எடுத்து வெளியே போடுங்கள். மேட்டுக்குப் பதிலாக டைட்டில் லேயரிலேயே மாஸ்க் வரைந்து நகர்த்தினாலும் போதும். மாஸ்க் எஃபெக்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுவதால் திறக்கும் விளிம்பைச் சுற்றியும் ஒளி வளைந்து நிற்கும். பார்க்க இதுவே அழகு.

எழுத்து பெரிதாகிறது, ஒளி வளரவில்லை

ரேடியஸ் என்பது பிக்சல் கணக்கு. டெக்ஸ்ட் லேயரில் ஸ்கேல் முதலில், எஃபெக்ட் பிறகு. எழுத்து 100லிருந்து 300 சதவீதமானாலும் ஒளி அதே 40 பிக்சலில் நிற்கும். டைட்டிலைக் க்ளோவோடு பிரீகாம்ப் செய்து, வெளியில் ஸ்கேல் செய்தால் இரண்டும் சேர்ந்து வளரும். பிரீகாம்பின் உள்ளே எழுத்தை அதன் இறுதிப் பெரிய அளவில் வைத்து, வெளியே சிறிதாக்கித் தொடங்குங்கள். இல்லையென்றால் முடிவில் மங்கும்.

1080 காம்பில் செய்ததை 3840×2160க்குக் கொண்டுபோகும்போதும் இதே கணக்கு. ரேடியஸை இரட்டியுங்கள், இன்டென்சிட்டியை விட்டுவிடுங்கள்.

வேகமாக நகரும்போது ஒளி அணைகிறது, அல்லது மங்கி வரும்போது சட்டென்று பற்றிக்கொள்கிறது

இரண்டுக்கும் த்ரெஷோல்ட்தான் காரணம். மோஷன் பிளர் எழுத்தின் பிரகாசத்தை அதிக இடத்தில் பரப்பிவிடுகிறது; ஒவ்வொரு பிக்சலும் வரம்புக்குக் கீழே போகிறது; ஒளி அணைகிறது. அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் க்ளோ இருந்து, கீழே எழுத்து ஒபாசிட்டியில் மெல்ல ஏறும்போது, வரம்பைத் தொடும் கணத்தில் ஒளி குதிக்கும். டைட்டிலைத் தனி பிரீகாம்பில் வைத்து, த்ரெஷோல்ட்டை 0 வரை இறக்கிவிடுங்கள். தனி பிரீகாம்பில் பின்னணிப் படம் இல்லாததால் வேண்டாதது எதுவும் ஒளிராது. தோன்றுவதற்கு ஒபாசிட்டியை நம்பாமல் இன்டென்சிட்டியைக் கீஃப்ரேம் செய்யுங்கள்: 0, பத்து ஃப்ரேமில் 2.5, அடுத்த பதினைந்தில் 1, மூன்றையும் தெரிவுசெய்து எஃப் 9. விளக்கு பற்றி நிலைகொள்வது போன்ற அசைவு அதில் கிடைக்கும்.

வேண்டாத மினுக்கம், அல்லது வேண்டிய மினுக்கம் தாறுமாறாக

மெல்லிய கோடுள்ள எழுத்து மெதுவாக நகரும்போது விளிம்புப் பிக்சல்கள் ஒரு ஃப்ரேமில் வரம்புக்கு மேலும் அடுத்ததில் கீழும் போய் வரும். இங்கும் த்ரெஷோல்ட்டை 10க்குக் கீழே கொண்டுவருவதும் ஒரு படி தடித்த எழுத்தும்தான் மருந்து.

நியான் துடிப்புக்காக இன்டென்சிட்டியில் விக்கிள் எக்ஸ்பிரஷன் போட்டிருந்தால் அடைப்புக்குள் முதல் எண் வேகம், இரண்டாவது எண் அளவு. 6, 0.3 நல்ல தொடக்கம். 25 ஃப்ரேம் காம்பில் வேகம் 12ஐத் தாண்டினால் துடிப்பாகத் தெரியாமல் இரைச்சலாகத் தெரியும். விக்கிள் அடிப்படை மதிப்பிலிருந்து மேலும் கீழும் ஆடும், அடிப்படை 0.2, அளவு 0.5 என்றால் அடிக்கடி பூஜ்யத்தில் முட்டி ஒளி அணைந்து போகும். மூன்று க்ளோவிலும் தனித்தனியே விக்கிள் போட்டால் உள்ளொளி ஒரு தாளத்திலும் வெளியொளி ஒரு தாளத்திலும் துடிக்கும். ஒரு நல் லேயரில் (திரையில் தெரியாத வெற்று லேயர்) ஸ்லைடர் கன்ட்ரோல் வைத்து அதற்கு மட்டும் விக்கிள் கொடுத்து, மூன்று இன்டென்சிட்டியையும் அதோடு பிக்விப்பால் இழுத்து இணைத்து முறையே 1, 0.5, 0.25ஆல் பெருக்குங்கள்.

முழுத்திரைப் பளிச்சிடல் நொடிக்கு மூன்றைத் தாண்ட வேண்டாம். ஒளித்தூண்டலால் வலிப்பு வரக்கூடியவர்களும் பார்க்கிறார்கள்.

ஒளி படிப்படியாக, பட்டை பட்டையாகத் தெரிகிறது

8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். கறுப்புப் பின்னணியில் 400 பிக்சல் தூரத்துக்குத் தேயும் மங்கிய ஒளிக்கு அதில் முப்பது நாற்பது படிகளே கிடைக்கும். ஒவ்வொரு படியும் பத்துப் பிக்சல் அகலப் பட்டையாகிவிடும். 16 பிட்டுக்கு மாறுங்கள். 32 பிட்டுக்குப் போனால் ஒளி 1.0ஐத் தாண்டியும் ஏறும், தேய்வு இன்னும் இயல்பாகும். ஆனால் பழைய இன்டென்சிட்டி எண்கள் கண் கூசும் அளவுக்கு எரியும், குறைக்க வேண்டும். எஃபெக்ட் கன்ட்ரோல்ஸில் ஏதாவது ஒரு எஃபெக்ட்டின் அருகே மஞ்சள் முக்கோணம் தெரிந்தால், அது அந்தப் பிட்டைத் தாங்காதது. பட்டை அங்கேதான் உருவாகிறது.

ப்ராஜெக்ட்டில் இல்லாத பட்டை வீடியோவில் வந்தால் எக்ஸ்போர்ட்டில் வருகிறது. வழக்கமான எச்.264 8 பிட்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் நாய்ஸ் 1.5 முதல் 2 சதவீதம், கலர் நாய்ஸ் இல்லாமல் போடுங்கள். பட்டையின் விளிம்பு உடைந்து கண்ணுக்குக் கரைந்துவிடும். பிட்ரேட் குறைவாக இருந்தால் அந்த நாய்ஸையே அழித்துப் பட்டையைத் திருப்பித் தரும். 1080க்கு 16 முதல் 20 எம்பிபிஎஸ் வையுங்கள். எடிட்டருக்கு அனுப்புவதானால் எச்.264 வேண்டாம், ப்ரோரெஸ் 422 எச்க்யூ கொடுங்கள். அது 10 பிட்.

சேபர் போட்டதும் பின்னணி கறுப்பாகிறது

வீடியோ கோபைலட் இலவசமாகத் தரும் சேபர் பிளக்இன் கறுப்பின் மேல்தான் வரையும். ரெண்டர் செட்டிங்ஸில் காம்போசிட் செட்டிங்ஸை டிரான்ஸ்பரன்ட் ஆக்குங்கள், அல்லது சேபர் போட்ட சாலிட் லேயரின் பிளெண்டை ஸ்க்ரீன் ஆக்குங்கள். எழுத்தை எடுக்க, கஸ்டமைஸ் கோரில் கோர் டைப்பை டெக்ஸ்ட் லேயர் என்று வைத்து உங்கள் லேயரைக் காட்டி, அசல் டெக்ஸ்ட்டின் கண்ணை மூடிவிடுங்கள்.

எடிட்டிங் டைம்லைனில் வைத்தால் ஒளியைச் சுற்றிக் கறுப்பு அழுக்கு

எச்.264 கோப்பில் ஆல்ஃபா (எது எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்று சொல்லும் சேனல்) கிடையாது; அதில் கொடுத்திருந்தால் முழுக் கறுப்புத்தான் வரும். ப்ரோரெஸ் 4444, சேனல்ஸ் ஆர்ஜிபி பிளஸ் ஆல்ஃபா என்று எடுத்திருந்தும் விளிம்பு அழுக்காக இருந்தால், ப்ரீமல்டிப்ளைடு ஆக (விளிம்பு நிறத்தில் பின்னணிக் கறுப்பு கலந்து) எழுதிய கோப்பை ஸ்ட்ரெய்ட் (கலக்காதது) என்று படிக்கிறார்கள். தலைகீழாக, ஸ்ட்ரெய்ட் கோப்பை ப்ரீமல்டிப்ளைடு என்று படித்தால் விளிம்பு அளவுக்கு மீறி எரியும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்குள் இறக்கியிருந்தால் கோப்பைத் தெரிவுசெய்து கன்ட்ரோல் ஆல்ட் ஜி அழுத்தினால் இந்தத் தேர்வு கிடைக்கும்.

இதைச் சரிசெய்த பிறகும் ஒளி ப்ராஜெக்ட்டில் இருந்ததைவிட மங்கலாகத்தான் இருக்கும். ஒளி பின்னணியோடு கூட்டப்படுவது. ஆல்ஃபா பின்னணியை மறைப்பது. கூட்டலை மறைப்பாக எழுதி வைக்க முடியாது. அதனால் எழுத்தையும் ஒளியையும் பிரித்துக் கொடுங்கள்: கூர்மையான எழுத்து ஆல்ஃபாவோடு ஒரு கோப்பு, க்ளோ முழுக் கறுப்பின் மேல் ஆல்ஃபா இல்லாமல் இன்னொரு கோப்பு. எடிட்டர் ஒளியை ஸ்க்ரீன் அல்லது ஆட் பிளெண்டில் கீழேயும் எழுத்தை மேலேயும் வைப்பார். ஸ்க்ரீனில் வைத்ததும் படம் முழுவதும் சாம்பல் படிந்தால் கறுப்பு பூஜ்யத்தில் இல்லை, வீடியோ ரேஞ்ச் குழப்பத்தில் 16க்கு ஏறியிருக்கிறது. ஒளிக் கோப்பில் லெவல்ஸ் போட்டு இன்புட் பிளாக்கை 16 வரை நகர்த்துங்கள்.